கம்பம்மெட்டுக்கு மேலே ஜீப் பார்ட்ஸ் தேடி

பழைய ஜீப்புக்கு உதிரி வேண்டுமென்றால் சென்னைக்காரர் புதுப்பேட்டைக்குப் போவார், கோவைக்காரர் உக்கடத்துக்குப் போவார். தேனிப் பக்கம் இருப்பவருக்கு அண்ணாந்து பார்த்தால் போதும். போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் மலையேறும், சாயங்காலம் இறங்கும். தினமும் இப்படி ஏறி இறங்குகிற வண்டி ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கழற்றிப்போட்டதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

நகரத்துக் கடையில் ஆக்சில் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியலைக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து அடுக்கியிருப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். மலையில் அதுவே ஒர்க்ஷாப் பின்புறம் சேறும் கிரீஸுமாகப் பலாமரத்தடியில் கிடக்கும். சேறு நல்லது. வெடிப்பை யாரும் பட்டி பூசி மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மேலே, கேரளத்து இடுக்கி மலைக்குப் போக மூன்று வழி. போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம், கட்டப்பனை. கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. ஒரு வழியில் ஏறி இன்னொரு வழியில் இறங்கினால் பார்த்த இடத்தையே மறுபடி பார்க்க வேண்டாம். பாரத்தோடு இறங்க எது வசதி என்பதைக் கிளம்பும்போதே யோசித்துவிடுங்கள். மழைக்காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, போகாமல் இருப்பது நல்லது. வழுக்கல் ஒரு பக்கம். நனைந்த இரும்பில் வெடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஏலக்காய் பறிப்பு மும்முரத்தில் வண்டி நிற்காமல் ஓடும், எவரும் எதையும் பிரிக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் தோட்டவேலை தணிந்து வண்டிகள் ஒர்க்ஷாப்புக்கு வரும்போதுதான் சரக்கு வெளியே விழும்.

போகுமுன் உங்கள் வண்டி எது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மகிந்திரா இங்கே அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்க ஆரம்பித்தது 1947-இல். நம்மூரில் ஹை பானட் என்கிற சிஜே3பி அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 134 கன இஞ்ச்: போர் மூணு இஞ்ச் ஒரு நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று), ஸ்ட்ரோக் நாலு இஞ்ச் மூணு நூல். பின்னால் வந்த எம்எம்540-இல் பிரெஞ்சு பெஷோ கம்பெனியின் எக்ஸ்டிபி 4.90 டீசல்: போர் 90 மில்லி, ஸ்ட்ரோக் 83 மில்லி, மொத்தம் 2112 சிசி. இந்த இரண்டுக்கும் நடுவே பெட்ரோலைக் கழற்றி டீசல் ஏற்றிய கலப்பு வண்டிகள் மலையில் ஏராளம். ஆகவே "இது ஹை பானட்டில் இருந்து எடுத்தது" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அளந்து பாருங்கள்.

அளவுதான் இங்கே மொழி. வில்லிஸ் வழி வந்த ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) எல்லாம் இஞ்ச் மரை, அதாவது இஞ்ச் அளவுத் திருகுப்புரி. பெஷோ எஞ்சின் மில்லி மரை. இரண்டு சாதி ஸ்பானரும் வேண்டும். இஞ்சில் 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. மில்லியில் 10, 13, 17, 19. இவை இருந்தால் முக்கால்வாசி கழன்றுவிடும். கூடவே வெர்னியர், ஃபீலர் கேஜ், காந்தம், பேனா டார்ச், ஒரு கம்பி பிரஷ், வெள்ளை பெயிண்ட் பேனா, நாலடிப் பைப், பழைய சாக்கு, நைலான் கயிறு. டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு பாட்டில். துருப்பிடித்த நட்டில் ஊற்றிவிட்டு டீ குடித்து வந்தால் பேசாமல் வரும்.

ஒரு எச்சரிக்கை: ஹை பானட் காலத்து வண்டியில் இடதுபக்க வீல் நட்டுகள் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) முனையில் 'எல்' என்ற எழுத்து வெட்டியிருக்கும், கம்பி பிரஷ் போட்டால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் பைப் மாட்டித் தொங்கினால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டோடு ஹப் வாங்க வந்தவரிடம் கடைக்காரர் என்ன விலை சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை.

இனி டிரான்ஸ்ஃபர் கேஸ். மலையில் வாங்க மிகவும் தகுதியான உருப்படி இதுதான், ஏமாற அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். பழைய வண்டிகளில் இருப்பது ஸ்பைசர் 18. லோ கியர் 2.46-க்கு ஒன்று. கேஸைத் தரையில் சாய்த்துப் பின்முகத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒரே போல்ட்டில் ஒரு சின்னப் பூட்டுத்தகடு நிற்கும். அது பிடித்துக்கொண்டிருப்பது இன்டர்மீடியட் ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் சுற்றக் கூடாது. அதன்மேல் ஊசி பேரிங்கில் கியர் மட்டும்தான் சுற்ற வேண்டும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் ஊசிகள் காய்ந்து ஷாஃப்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் சுற்றப் பார்க்கும். தகட்டை நெளித்து, வார்ப்புத் துளையை முட்டை வடிவமாக்கும். ஆகவே தகடு நெளிந்திருக்கிறதா, போல்ட் துளை இழுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷாஃப்ட் முனையைச் சுற்றி ஆயில் வடிந்து மண் அப்பிய வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், துளை போய்விட்டது.

"லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டுக்கலாம் சேட்டா" என்பார்கள். போடலாம்தான். ஆனால் மையம் ஒரு மயிரிழை தப்பினாலும் பல்லும் பல்லும் சரியாக உட்காராது, வேகம் நாற்பதைத் தாண்டினால் ஊளை. நல்ல வார்ப்பு இன்னும் கிடைக்கிற காலத்தில் கெட்ட வார்ப்புக்கு வைத்தியம் பார்ப்பது வீண்.

அடியிலிருக்கும் தகட்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எடைக்கு விலை பேசுங்கள், பாகத்துக்கு விலை பேசாதீர்கள். மூடி திறந்ததும் கியரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இரு முனையிலும் உள்ள திரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் தாராளமாக நகரும். அது புதிதாகக் கிடைக்கும், பயமில்லை. நகரும் கியரின் பல் முனைகள் உருண்டு மழுங்கியிருந்தால்தான் கவலை. வண்டி ஓடும்போதே லோ கியரைத் தள்ளிப் பழகியவர் கையில் இருந்த கேஸ் அது. பின் அவுட்புட் ஷாஃப்டின் ஆட்டம் 4 முதல் 8 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) வரை இருக்கலாம். ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்கிற விஷயம் என்பதால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் வரத் தேவையில்லை.

இன்டர்மீடியட் ஷாஃப்டில் மூன்று தடிமன் உண்டு: முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் ஒரு நூல், ஒரு இஞ்ச் ரெண்டு நூல். உங்களுடையது எது என்பதை வீட்டிலேயே அளந்து கையில் எழுதிக்கொண்டு போங்கள். கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்டின் கடைசியில் நிற்கும் டிரைவ் கியரையும் கேஸோடு சேர்த்தே கேளுங்கள். பல் எண்ணிக்கை மாறினால் கோர்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஏற்காது. கேஸ் மட்டும் வாங்கி வந்து, அந்த ஒரு கியருக்காக மறுபடி மலையேறுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

ஆக்சிலுக்கு வருவோம். நாலு வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவில் இருக்க வேண்டும். கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் 43, அதைச் சுற்றும் பினியனில் 8 பல் என்றால் 5.38, 39-க்கு 8 என்றால் 4.88. முன்னே ஒன்று பின்னே ஒன்று மாட்டினால் காய்ந்த ரோட்டில் நாலு வீல் போட்டதுமே டயர்கள் ஒன்றையொன்று இழுக்கும், லீவர் சிக்கிக்கொண்டு வெளியே வராது, கடைசியில் பலவீனமான இடம் எதுவோ அது உடையும். கடைக்காரர் சொல்லும் ரேஷியோவை நம்ப வேண்டாம். கவரைத் திறக்க விடாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு பக்க ஹப்பை அசையாமல் ஒருவர் பிடிக்கட்டும். மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் பினியன் முனை நுகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து சுற்றும் எட்டில் மூன்று பங்கும் வந்தால் 5.38. ஐந்தாவது சுற்று முடிய எட்டில் ஒரு பங்கு குறைந்தால் 4.88. இரண்டு சுற்று எதற்கென்றால், ஒரு பக்கம் நின்றால் கிரவுன் வீல் பாதி வேகத்தில்தான் சுற்றும்.

கிரவுனும் பினியனும் ஜோடி. தொழிற்சாலையிலேயே உரசி ஒன்றுக்கொன்று பொருத்தி, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறித்துவிடுவார்கள். எண் மாறியிருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். பல்லில் உரசல் தடம் பார்க்கும்போது நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஓரத்தில் விழுந்த தடம் என்றால் பேரிங் போனபிறகும் ஓட்டியிருக்கிறார்கள்.

முன் ஆக்சில் முழங்காலில், அதாவது வீல் திரும்பும் நக்கிளில் இருக்கிற உருண்டையை விரலால் தடவிப் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தில் அம்மைத் தழும்புபோலக் குழி இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் கிரீஸ் ஒழுகும், ஓடைத் தண்ணீர் உள்ளே போகும். மலையில் ஓடை கடந்த வண்டிகளில் இது சர்வசாதாரணம். உள்ளே கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங்கும் உள் ஜாயிண்டும் துருப்பிடித்திருக்கும். நக்கிளை மேலும் கீழுமாக ஆட்டினால் வருகிற ஆட்டம் பேரிங் ஆட்டம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்பிண்டில் (ஹப் உட்காரும் தண்டு) மரையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஹப் நட்டுக்கு உரிய சாக்கெட் இல்லாமல் உளி வைத்துத் தட்டி இறுக்குவது மலை ஒர்க்ஷாப்புகளில் பரவலான பழக்கம். நட்டின் மூலை மழுங்கியிருந்தால் மாற்றலாம். உளி வழுக்கி ஸ்பிண்டில் மரையில் விழுந்திருந்தால் அந்த ஸ்பிண்டில் காயலான் சரக்குதான்.

ஆள் ஏற்றும் மகிந்திரா கமாண்டர்களில் பல வெறும் இரண்டு வீல் டிரைவ். முன்னே நிற்பது வெற்று ஆக்சில். தூரத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம், நடுவில் டிஃபரென்ஷியல் குண்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பின் ஆக்சிலில் டேப்பர் ஷாஃப்டும் சாவியும் உள்ள வகை வந்தால், சாவிக்காடி அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். நட் தளர்ந்து ஓடிய வண்டியில் சாவி காடியைத் தின்றிருக்கும். ஹப்பைக் கழற்ற சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் அடித்திருந்தால் மரை காளான்போல் விரிந்திருக்கும். டானா 44 ஆக்சிலில் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பல்) 10, 19, 30 என்று வகை உண்டு. எண்ணாமல் ஷாஃப்ட் வாங்கக் கூடாது.

கியர் பாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி90 மூன்று கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்) கிடையாது. மலையில் அடிக்கடி ஃபர்ஸ்டுக்கு இறங்கியாக வேண்டும், அதனால் ஃபர்ஸ்ட்-ரிவர்ஸ் கியரின் பல் முனை உதிர்ந்திருக்கும். மேல் மூடியைக் கழற்றினால் உடனே தெரியும். அந்த ஒரு கியர் நன்றாக இருந்தால் மீதியைப் பற்றிக் கவலைப்படாமல் எடுக்கலாம்.

ஹரிக்கேன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள்ளேயே உட்காரும். தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய வெடிப்பு ஓடும். ஹெட்டைக் கழற்றி, அந்த இடத்தை டீசலில் துடைத்து, துணியால் ஒற்றிவிட்டு சாக்பீஸ் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் டீசல் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடு எழுந்து வரும். போரை அளக்கும்போது ஏற்கெனவே 40 தவ்வோ 60 தவ்வோ பெரிதாகக் கடைந்திருந்தால் அடுத்தது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழல்)தான் என்று கணக்கில் வையுங்கள். எஞ்சின் நம்பர் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு எதையும் அளக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பாடியில் வாங்கத் தகுந்தது பானட், விண்ட்ஷீல்டு ஃபிரேம், டெயில் கேட் போன்ற தனித்தனி உறுப்புகள். முழு டப், அதாவது பாடியின் முழுத் தொட்டி, வேண்டாம். மலை மழையில் தரையின் அடியில் இருக்கும் பெட்டி வடிவத் தாங்கிகள் உள்ளிருந்தே அழுகும், மேலே இருந்து தெரியாது. காந்தம் ஒட்டாத இடம் பட்டி. அதோடு, மலையில் டிங்கர்கள் கெட்டித் தகட்டில் அடித்த பாடிகள் நிறைய. உழைப்புக்கு அவை கம்பெனித் தகட்டைவிட மேல் என்பதே உண்மை. ஆனால் பழமை மாறாமல் வண்டி கட்டுகிறவருக்கு மடிப்பு வளைவு ஒத்துவராது.

பழையதாக வாங்கவே கூடாதவை: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், டை ராடு எண்ட், கிளட்ச் பிளேட், ஆயில் சீல், எந்த பேரிங்கும். பிரேக் டிரம் வாங்கலாம், உள்விட்டத்தை அளந்தபிறகு. மூல அளவைவிட 60 தவ்வுக்கு மேல் கடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். கமான் பட்டை வாங்கினால் செட்டாக வாங்குங்கள், ஒற்றை இலையாக வாங்கி அடுக்கினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

பேச்சு வார்த்தை. ஹைரேஞ்ச் என்கிற இந்த இடுக்கி மலையில் தமிழ் எல்லா இடத்திலும் செல்லும், ஆனாலும் நாலு சொல் தெரிந்திருப்பது நல்லது. நம் காயலான் கடை அங்கே ஆக்ரிக்கடை. நம் மரை அங்கே பிரி. "பணி கிட்டும்" என்று சிரித்தால் வேலை கிடைக்கும் என்று சந்தோஷப்படாதீர்கள், வம்பில் மாட்டுவாய் என்று பொருள். முதலில் ஒர்க்ஷாப், அப்புறம் ஆக்ரிக்கடை என்ற வரிசையில் போங்கள். ஒர்க்ஷாப்காரருக்கு எந்த வண்டியில் எது எப்போது கழன்றது என்று தெரியும். ஆக்ரிக்கடைக்காரருக்குக் கிலோ கணக்குத்தான் தெரியும், அதனால் அங்கே நல்ல பொருள் மலிவாகவும் கெட்ட பொருள் அதே மலிவாகவும் கிடைக்கும். பழைய வண்டிக்குப் புதுவாழ்வு கொடுக்கிறேன் என்று வாய்விட்டால் விலை ஏறும். ஓடுகிற வண்டி நின்றுவிட்டது, இது இல்லாமல் நகராது என்றால் மெக்கானிக்கின் மனசு வேறு மாதிரி வேலை செய்யும். உங்கள் உடைந்த பாகத்தையே மாதிரிக்குக் கொண்டுபோனால் பாதிப் பேச்சு மிச்சம்.

எஞ்சின் வாங்கினால் விற்பவரின் ஆர்சி நகலும் கையெழுத்திட்ட ரசீதும் அவசியம். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓவில் பதிய வேண்டும், ரசீது இல்லாமல் அங்கே நகராது. பில் 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கு கொண்டுபோவதற்கான ஈ-வே பில்லும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாநில எல்லை தாண்டுகிறீர்கள். சேஸ் நம்பர் உள்ள துண்டை மட்டும் வெட்டி விற்கிறேன் என்று யாராவது காதோரம் சொன்னால் காது கேட்காததுபோல் வந்துவிடுங்கள்.

இறங்குமுன் ஆக்சில், கேஸ் எல்லாவற்றிலும் ஆயிலை வடித்து, துளைகளில் துணி அடைக்கவும். கொண்டை ஊசி வளைவில் கியர் ஆயில் பிக்கப் தரையில் பரவினால் மொத்தச் சரக்கும் சறுக்கும். எடை கூடியது பின் ஆக்சிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி. அடியில் சாக்கு, மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு. ஏறிய கியரைவிட ஒன்று குறைத்து இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் டிரம் சூடேறி மிதி உள்ளே போய்விடும்.

வீட்டில் துருவை எடுக்க சலவைச் சோடா மின்முறை போதும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் வயர் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் வயர் ஒரு பழைய இரும்புத் தகட்டில். ஸ்டெயின்லெஸ் தகடு கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள். வார்ப்புக் கூடுகளுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் இது அருமை. கமான் பட்டை, ஸ்பிரிங், கடினப்படுத்திய கியர் எதையும் இதில் முக்க வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அவற்றுக்கு டீசலும் கம்பி பிரஷும்தான்.

பிரிக்கும்போது கிங் பின் ஷிம்களை மேல், கீழ், இடது, வலது என்று நாலு தனி உறையில் போட்டு எழுதிவையுங்கள். புது பேரிங் போட்டதும் முதலில் அதே ஷிம்களை அதே இடத்தில் வைத்து இறுக்கிப் பாருங்கள். நக்கிள் கையால் தள்ளும்போது இறுக்கமாக, ஆனால் முரடில்லாமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஆடினால் ஒரு மெல்லிய ஷிம்மை எடுங்கள், பிடித்தால் ஒன்று சேருங்கள். இதைச் செய்யும்போது உருண்டைச் சீலை மாட்டியிருக்கக் கூடாது, அதன் இறுக்கம் பேரிங் இறுக்கம்போலக் காட்டிவிடும்.